நான் இருந்தால் ஓடும் கம்ப்யூட்டர்

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் எங்கள் மாப்பிள்ளை திருமூர்த்தி. ‘செய்தவன்’ என்றுதான் வாயில் வருகிறது. மாப்பிள்ளை அல்லவா, மரியாதை கொடுத்துத்தான் திட்ட வேண்டும். இரண்டாவது துரோகம் சுலோச்சனா. அவளை அப்புறம் சொல்கிறேன். வரிசை முக்கியம் தம்பி. வரிசையை மாற்றிச் சொன்னால் தப்பு என் பேரில் இருப்பது போல ஆகிவிடும். என் வீட்டில் எல்லோரும் அப்படி மாற்றித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

நீங்கள் மடியில் வைத்திருப்பது கம்ப்யூட்டர் பைதானே? அப்படியானால் உங்களுக்குப் புரியும். புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு வருவதற்கு இது மேல்.

ஒட்டன்சத்திரத்தில் பைப் கடை என்று கேட்டால் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். நாச்சிமுத்து பைப் கடை. போர்வெல் போடுகிறவன், தோட்டத்துக்குச் சொட்டுநீர் போடுகிறவன், வீடு கட்டுகிறவன், எல்லோரும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். நான் படித்தது ஐந்தாவது. பாஸா என்று கேட்காதீர்கள். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் அளவு மட்டும்தான். கடை நடத்த அது போதுமாக இருந்தது. மிச்சத்தைச் சுலோச்சனா பார்த்துக்கொண்டாள்.

சுலோச்சனா எங்கள் கணக்குப்பிள்ளை. சின்ன வயதிலேயே வந்து சேர்ந்தவள், இப்போது அவள் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. சாயங்காலம் கடை சாத்தும் முன்னால் அன்றைய கணக்கை எனக்கு வாயால் சொல்வாள். வெறும் கணக்காகச் சொல்ல மாட்டாள். ‘காளாஞ்சிபட்டிக்காரர் அடுத்த வாரம் தர்றேன்னாருங்க, சொல்றப்ப செருப்பையே பாத்துட்டு நின்னாரு, தர மாட்டாரு’ என்று சேர்த்துச் சொல்வாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கேட்டு முடித்தால் கடை முழுக்க என் கைக்குள் வந்த மாதிரி இருக்கும். அவள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவள் செய்தது துரோகம். தெரியாதவள் செய்தால் அது வெறும் திருட்டுத்தனம்.

சரி, வரிசைக்கு வருகிறேன். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் இருந்தவர். அந்தக் கம்பெனி அவரை வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னது, அப்புறம் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டது. என் ஒரே மகள் மேனகா, ‘அப்பா, அவரு கடைக்கு வரட்டும்’ என்றாள். வந்தார். முதல் நாளே சுலோச்சனாவின் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிழைக்காத நோயாளியைப் பார்த்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். கணக்கை நம் மேஜையில் வைத்திருப்பது ஆபத்தாம். கெட்டுப்போனால் எல்லாம் போய்விடுமாம். வெளியூரில் ஒரு கம்பெனி இதற்கென்றே பெரிய பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறதாம். கணக்கு அங்கே இருக்கும், நமக்கு இங்கே அதன் படம் மட்டும் தெரியும், மாதா மாதம் வாடகை கட்டினால் போதும் என்றார்.

ஆக எங்கள் கணக்கு வாடகை வீட்டுக்குக் குடிபோனது. எந்த ஊர் என்று கேட்டேன். மும்பையாக இருக்கலாம், ஐதராபாத்தாகவும் இருக்கலாம், சரியாகத் தெரியாது மாமா என்றார். என் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் இவர் குடியிருந்த தெருவில் போய் டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டு வந்தவன் நான். என் கணக்கு எந்த ஊரில் இருக்கிறது என்பது இவருக்கே தெரியாதாம்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். சுலோச்சனா பில் போட்டுக்கொண்டே இருப்பாள், கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிடும். அம்புக்குறி அசையாது. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சாமான் ஏற்றிவிட்டு ஆள் பில்லுக்காக நிற்பான், வெளியே டிராக்டர் உறுமிக்கொண்டிருக்கும், இவள் ‘இருங்க, வந்துரும்’ என்பாள். சில சமயம் ஒரு டீ குடிக்கிற நேரம், சில சமயம் டீயும் வடையும் சாப்பிடுகிற நேரம். அப்புறம் அவள் தட்டின எழுத்தெல்லாம் ஒரே மூச்சாகக் கொட்டும். எல்போ, அதாவது பைப்பைத் திருப்புகிற வளைவு, பத்து என்று அடித்தது, பதற்றத்தில் திரும்பத் திரும்ப அடித்ததெல்லாம் சேர்ந்து எல்போ ஆயிரத்துச் சொச்சம் என்று வந்து நிற்கும். ஒருவன் பில்லைப் பார்த்துவிட்டு, ‘நான் வீடு கட்டறனுங்க, ஊருக்குக் குழாய் போடல’ என்றான்.

தினமும் நின்றால் சரி, கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறியலாம். இது அப்படியில்லை. இரண்டு நாள் குதிரை மாதிரி ஓடும், மூன்றாம் நாள் படுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை அந்த வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது சார், நீங்கள் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றது. அணைத்துப் போட்டோம். இன்டர்நெட்காரன் வந்தான். வயரை மாற்றினான், பெட்டியை மாற்றினான், எங்கள் லைன் சரியாக இருக்கிறது, அந்தக் கம்பெனியைக் கேளுங்கள் என்றான். எலக்ட்ரீஷியன் வந்து பேட்டரியை மாற்றினான். அவனும் போகும்போது தன் பக்கம் சரியாக இருப்பதாகச் சொன்னான். எல்லார் பக்கமும் சரியாகத்தான் இருந்தது தம்பி, கம்ப்யூட்டர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. வாஸ்து பார்க்கிற ஒருவர் மேஜையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பச் சொன்னார். திருப்பினோம். அப்புறம் அது கிழக்குப் பார்த்து நின்றது.

இதில் ஒரு விசேஷம். இந்த மெக்கானிக்குகள் வந்த நாளில் ஒரு தடவைகூட அது நிற்கவில்லை. ஏனென்றால் அவர்கள் வரும் நாளில் நான் கடையை விட்டு அசைய மாட்டேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு, எந்தத் திருகைக் கழற்றுகிறான், எதைப் பையில் போடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களும் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, ஓடுதே என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்துக்கொண்டே, ‘மாமா, நீங்க இருந்தாத்தான் ஓடுது போலிருக்கு’ என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது படித்தவனுக்கும் மூளை உண்டு. யோசித்தேன். நான் கடையில் இருந்தால் ஓடுகிறது. சாப்பாடு கடைக்கு வராத நாளில் மத்தியானம் வீட்டுக்குப் போனால் நிற்கிறது. தோட்டத்துக்குப் போனால் நிற்கிறது. சாவு, கல்யாணம் என்று வெளியூர் போனால் அன்றைக்கு முழுக்க நிற்கிறது. மெஷினுக்கு என் முகம் தெரியுமா? ஆளுக்குத்தான் தெரியும். நான் இல்லாத நேரம் பார்த்துச் சுலோச்சனாதான் நிறுத்துகிறாள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றா கேட்கிறீர்கள்? கண்ணால் பார்த்தேன். அதே சமயத்தில்தான் நான் கடையில் கேமரா வைத்தேன். மோட்டார் ஒன்று காணாமல் போயிருந்தது. எட்டு கேமரா. என் போனிலேயே எட்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். கேமராக்காரன் முதலில் மங்கலாகத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போகப் பார்த்தான். இது போதும் அய்யா, போனில் சீக்கிரம் வரும் என்றான். என்னிடமா? ‘இருக்கிறதிலேயே தெளிவாக வை, லோடுமேன் கருப்பணன் தலையில் எத்தனை முடி இருக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும்’ என்றேன். வைத்தான். அப்புறம் என்ன, கடையை விட்டு இறங்கினால் போன் என் கையில்தான். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொள்வேன். மத்தியானம் படுத்தால் நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வேன். பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் பார்க்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சுலோச்சனா தட்டுவதை நிறுத்திவிடுவாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வருகிறவனிடம் பேசுவாள், சிரிப்பாள். நான் பார்க்கிற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தாள் தம்பி. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நீங்கள் எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள்? கதை இன்னும் முடியவில்லை.

தாராபுரத்தில் ஒரு கல்யாணம். நல்ல முகூர்த்த நாள், கடையில் கூட்டம் அள்ளும், ஆனாலும் போகாமல் முடியாது, மாப்பிள்ளையையும் மேனகாவையும்கூடக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரம். எல்லோரும் மேடையைப் பார்க்கிறார்கள், நான் போனைப் பார்க்கிறேன். போர்வெல்காரன் லாரியோடு நிற்கிறான். பின்னால் நாலைந்து பேர். இவள் கையைக் கட்டிக்கொண்டு போர்வெல்காரனிடம் எதையோ சொல்கிறாள், அவன் சிரிக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கணக்கு மேஜைக்கு மேலே இருக்கிற கேமராவில் பேசவும் முடியும். இங்கே நாம் பேசினால் அங்கே சத்தமாகக் கேட்கும். அதுவரைக்கும் நான் அதில் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

“ஏம்மா சுலோச்சனா, ஒக்காந்து கதை பேசத்தான் சம்பளமா?”

அவள் திடுக்கிட்டு மேலே பார்த்தாள். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

“சுத்திட்டே இருக்குதுங்க மொதலாளி. நான் என்ன பண்ணட்டும்?”

“நான் இருக்கறப்ப சுத்தாதது, நான் இந்தப் பக்கம் வந்தா மட்டும் ஏன் சுத்துது? எனக்கு எல்லாம் தெரியும். இங்கிருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன்.”

அவள் எழுந்தாள். மேஜையைப் பூட்டினாள். சாவியைக் கருப்பணனிடம் கொடுத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு நேர் கீழே வந்து நின்றாள். நான் அத்தனை தெளிவாக வைக்கச் சொல்லியிருந்தேனே, கண்ணில் தண்ணீர் நின்றது நன்றாகவே தெரிந்தது.

“இத என் மொகத்தப் பாத்துக் கேட்டிருந்தீங்கன்னா பதில் சொல்லியிருப்பனுங்க. செவத்தப் பாத்துப் பதில் சொல்ற வயசு எனக்கு இல்லைங்க.”

படி இறங்கிப் போய்விட்டாள். முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே போகிறாள். எனக்கு வந்த கோபத்தில் கேமராவை மூடிப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன். இலையில் பாயசம் ஊற்றுகிற நேரம் கருப்பணன் போனில் வந்தான். ‘மொதலாளி, ஓடுதுங்க. அந்தக்கா போன கொஞ்ச நேரத்துல எல்லா எழுத்தும் மளமளன்னு வந்து விழுந்துருச்சுங்க’ என்றான். நான் போனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி பந்தியில் இருந்த எல்லோருக்கும் சொன்னேன். அவள் எழுந்து போனாள், இது எழுந்து ஓடியது. இதற்கு மேல் கோர்ட்டில்கூட வேறு கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் பாயசத்தைத் தொடாமல் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாயசம் பிடிக்காது என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து மேனகா கணக்கு மேஜையில் உட்கார்ந்தாள். மத்தியானம் நான் வீட்டுக்குப் போனேன். நின்றுவிட்டது. சொந்த மகளை என்ன சொல்வது? சுலோச்சனா போகும்போது உள்ளே எதையோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றேன். மேனகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அம்மா உயிரோடு இருந்தபோது பார்த்த அதே பார்வை.

அந்த வாரத்தில் ஒரு நாள் நான் வீட்டில் படுத்திருக்கிறேன், மாப்பிள்ளை கடையிலிருந்து போன் செய்தார். மாமா, கேமராவைத் திறங்கள் என்றார். திறந்தேன். கொஞ்சம் பொறுத்து, மூடுங்கள் என்றார். மூடினேன். மறுபடி திற என்றார், மறுபடி மூடு என்றார். இப்படியே நாலைந்து தடவை. மாமனாரைக் குழாய் என்று நினைத்துவிட்டார் போல. அவர் பக்கத்தில் மேனகா, ‘நின்னுருச்சு’, ‘ஓடுது’, ‘நின்னுருச்சு’ என்று சொல்வது எனக்குக் கேட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று வையுங்கள்.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை எனக்கு முன்னால் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“மாமா, நம்ம இன்டர்நெட்ட ரெண்டு பைப்புன்னு வெச்சுக்குங்க. கடைக்குள்ள வர்ற பைப்பு பெருசு. வெளிய போற பைப்பு அரை இஞ்சுதான். மேனகா ஒரு எழுத்துத் தட்டினா, அது அந்த அரை இஞ்சு வழியாத்தான் அந்தக் கம்பெனிக்குப் போகணும். நீங்க கேமராவத் தொறந்தீங்கன்னா, எட்டுப் படமும் அதே அரை இஞ்சு வழியாத்தான் உங்க போனுக்கு வருது. அதுவும் முழுத் தெளிவுல. அப்பறம் எழுத்து எப்படிப் போகும்? நீங்க மூடினதும் அடைப்பு விட்டுருது.”

பைப்பைப் பற்றி. எனக்கு. நாச்சிமுத்துவுக்கு.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அரை இஞ்சு பைப்பை வாங்கிக்கொண்டு வந்தது யார் மாப்பிள்ளை என்று கேட்டேன். என் ஆயுசில் மெயின் லைனுக்கு அரை இஞ்சு நான் யாருக்கும் விற்றதில்லை. வாங்குகிறவன் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டேன். மாதம் கொஞ்சம் மிச்சம் என்று குறைந்த லைனை வாங்கிப் போட்டவர் அவர். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே? அவர் தலையைக் குனிந்துகொண்டார். ‘அது என் தப்புதான் மாமா’ என்று சொன்னாரா? இல்லை. ‘பெரிய லைனுக்குச் சொல்லிட்டேன்’ என்றார். கேட்டதற்கு அது பதிலா? அந்த ஒரு வார்த்தை இன்றைக்கு வரைக்கும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

வராதது போகட்டும். மேனகா என்ன சொன்னாள் தெரியுமா? ‘அப்பா, சுலோச்சனா அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. நான் போய்க் கூப்ட்டுப் பாத்துட்டேன், அழுதாங்க, வர மாட்டேன்னுட்டாங்க. நீங்க போனா வருவாங்க’ என்றாள். நானா? நான் எதற்கு? அரை இஞ்சு வாங்கியது மாப்பிள்ளை. கோபித்துக்கொண்டு போனது அவள். நடுவில் நான் என்ன செய்தேன்? பார்த்தேன். என் கடையை நான் பார்த்தேன். தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தவள் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னாள்தான். ஒரு தடவை சொன்னால் போதுமா? நான் நம்புகிற வரைக்கும் சொல்ல வேண்டாமா? பாதியில் எழுந்து போனதற்கு அவள்தான் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இப்போது கடையில் பெரிய லைன். கணக்கு நிற்பதே இல்லை. என் போனில் ஏழு கேமராவை எடுத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் மாமா, எது வேண்டும் என்று கேட்டார் மாப்பிள்ளை. கணக்கு மேஜை என்றேன். ‘அங்க இப்ப நான்தானப்பா இருக்கறேன், என்னயவா பாக்கப் போறீங்க?’ என்று மேனகா கேட்டாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பழக்கம்தானே. சாயங்காலம் யாரும் எனக்குக் கணக்குச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக மாப்பிள்ளை போனுக்கு ஒரு படம் அனுப்புகிறார். பச்சையில் கட்டம், சிவப்பில் கட்டம், எல்லாம் இங்கிலீஷ். சிவப்பு என்றால் கெட்டது என்று தெரிகிறது. யார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது அதில் இல்லை. கடை என்னுடையதுதான். பலகையில் என் பேர்தான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்கு இப்போது தெரிவதில்லை தம்பி.

இது எந்த ஊர், சத்திரப்பட்டியா? அதற்குள்ளாகவா?

கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள். அதோ முன் படியில் ஏறுகிறாளே, பச்சைச் சேலை, கையில் சாப்பாட்டுப் பை. நேராகப் பார்க்காதீர்கள். அவள்தான். இந்த ஊர்தான் அவளுக்கு. இப்போது பழனியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறாளாம். காலையில் இந்த பஸ்ஸில்தான் போகிறாள். நான் அவளுக்காக வரவில்லை. எனக்குப் பழனியில் வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்காதீர்கள், வேலை இல்லாமலா ஒரு மனிதன் பஸ் ஏறுவான்? ஏறும்போது இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், கவனித்தீர்களா? என்னைத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே திரும்பி முன்னால் போய் உட்காருகிறாள்.

இந்தக் கண்டக்டர் வேறு.

“என்னங்க பெரியவரே, சத்திரப்பட்டி வந்துருச்சு, எறங்கலியா? தெனமும் சத்திரப்பட்டிக்கு டிக்கெட் எடுக்கறீங்க, வண்டி நின்னா ஒக்காந்துக்கறீங்க, அப்பறம் பழனிக்கு எடுக்கறீங்க. ஒரேயடியா பழனிக்கே எடுத்துரலாமில்ல?”

கேட்டீர்களா அவன் குரலை? பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. இறங்கத்தான் நினைத்தேனப்பா. இறங்கி அவள் வீட்டுப் பக்கம் போகலாம், தற்செயலாக எதிரில் வந்த மாதிரி நின்றால் அவளாகச் சொல்லட்டும் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். அவள் பஸ்ஸில் ஏறிவிட்ட பிறகு அங்கே இறங்கி நான் யாரைப் பார்ப்பது? இரு, காசு எடுக்கிறேன். இந்தப் பையில் இல்லை. இருப்பா.

“இங்க ரெண்டு பழனி குடுங்க. பின்னாடி எங்க மொதலாளி இருக்காருங்க, அவருக்கும் சேத்து.”

அவள் குரல்தான். ‘எங்க மொதலாளி’ என்றா சொன்னாள்? நீங்களும் கேட்டீர்கள்தானே? நாளைக்கு மேனகா கேட்டால் சொல்ல எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

டிக்கெட்டைக் கொடுப்பா, வாங்கிக்கொள்கிறேன். பாருங்கள் தம்பி, எப்படிப்பட்ட ஆள் என்று. எனக்குச் சேர வேண்டியதை இன்னும் தரவில்லை, அதற்குள் என்னைத் தனக்குக் கடன்காரன் ஆக்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தாளா? இல்லை. கண்டக்டரிடம் சொல்லத் தெரிகிறது, என்னிடம் சொல்லத் தெரியவில்லை. நான் என்ன, சுவரா?

எழுந்து போய்ப் பேசுங்கள் என்கிறீர்களா? உங்களுக்கும் என் மகள் வயதுதான் இருக்கும், அதே புத்தி. பக்கத்தில் அந்த சீட் காலியாகத்தான் இருக்கிறது, நானும் பார்த்தேன். ஒரே ஒரு தடவை திரும்பட்டும். ஒரே ஒரு வார்த்தை. எனக்கு வர வேண்டியது அவ்வளவுதான், அதை நான் விட மாட்டேன். ஆயக்குடி தாண்டட்டும், இன்னும் நேரம் இருக்கிறது. இல்லாவிட்டால் நாளைக்கும் இதே பஸ்தான்.